படவுரு நிறத் தகவமைப்பு

படவுரு நிறத் தகவமைப்பு என்பது, கணினித் திரையில் தோன்றும் படவுருக்கள், பயனர் தேர்ந்தெடுத்துள்ள தோற்றத்திட்டத்திற்கு ஏற்பத் தம் நிறத்தை மாற்றிக்கொள்ளுமாறு அமைக்கும் முறையாகும். ஒரே படவுரு வெண்ணிறச் சாளரத்தில் கருமையாகவும், கருநிறச் சாளரத்தில் வெளிர்நிறமாகவும், தேர்ந்தெடுக்கப்பட்ட வரியின் மீது அவ்வரியின் எழுத்து நிறத்திலும் தோன்றுவது இதற்கு எடுத்துக்காட்டாகும். க்னோம், கேடிஇ ஆகிய பணிச்சூழல்களும், கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர், பயர்பாக்ஸ் முதலிய கட்டற்ற மென்பொருட்களும் இதனை வெவ்வேறு வழிகளில் செய்கின்றன. அவற்றுள் சிறந்த வழிகளுக்குப் பொதுவான கருத்து ஒன்று உண்டு. படத்தை வரைபவர் நிறத்தை எண்ணால் குறிப்பதில்லை. "எழுத்தின் நிறம்", "எச்சரிக்கையின் நிறம்" என அதன் பணியால் குறிக்கிறார். பின்னணி எது என்பதை அறிந்த நிரல், உரிய நிறத்தைப் பின்னர் நிரப்பிக்கொள்கிறது.

சிக்கலின் தன்மை

பேச்சுவழக்கில் தீம் எனப்படும் தோற்றத்திட்டம், சாளரம், பொத்தான், எழுத்து, தேர்வுப்பட்டை ஆகியவற்றின் நிறங்களையும் வடிவங்களையும் தொகுத்துத் தருவது. எழுத்தின் நிறத்தையும் பின்னணியின் நிறத்தையும் தோற்றத்திட்டமே தருவதால் அவை ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும். படவுருவோ பெரும்பாலும் தனிக் கோப்பாக, வேறொருவரால், வேறொரு நாளில் வரையப்பட்டது. அதன் நிறம் கோப்பிலேயே உறைந்திருக்கும்.

இதன் விளைவை எண்களால் காட்டலாம். டபிள்யூ3சி அமைப்பின் அணுகுதிறன் வழிகாட்டி, இரு நிறங்களுக்கு இடையேயான வேறுபாட்டை முரண் விகிதம் என்னும் அளவால் குறிக்கிறது. முதலில் ஒவ்வொரு நிறத்தின் ஒப்பு ஒளிர்வும் கணக்கிடப்படுகிறது. இதில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்பின் பங்கு 0.2126, நீலத்தின் பங்கு 0.0722 ஆகும். இரு ஒளிர்வுகளோடும் 0.05 கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். ஒரே நிறத்திற்கு இது 1. கருப்புக்கும் வெள்ளைக்கும் 21. பொருள் உணர்த்தும் படவுருக்களுக்குக் குறைந்தது 3 வேண்டும் என்று 2018 இல் வெளியான அவ்வழிகாட்டியின் 2.1 பதிப்பு கூறுகிறது.

சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 77 ஆக உள்ள கருஞ்சாம்பல் கோடுகளால் ஒரு படவுரு வரையப்பட்டுள்ளது என்று கொள்வோம். வெள்ளைப் பின்னணியில் அதன் முரண் விகிதம் ஏறத்தாழ 8.5. பயனர் கருநிறத் திட்டத்திற்கு மாறுகிறார். சாளரத்தின் நிறம் 49, 54, 59 என ஆகிறது. இது கேடிஇயின் பிரீஸ் டார்க் திட்டத்தில் பயன்பட்ட ஒரு நிறமாகும். இப்போது விகிதம் 1.4 ஆகச் சரிகிறது. பொத்தான் அங்கேயே இருக்கிறது, அழுத்தினால் வேலையும் செய்கிறது. ஆனால் அது அங்கு இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை.

நல்ல பார்வை உடையோருக்கு இது ஓர் எரிச்சல் மட்டுமே. கருநிறத் திட்டத்தை விரும்பித் தேர்வோருள் வெண்திரையின் ஒளியைத் தாங்க இயலாத கண்ணுடையோரும் உள்ளனர். அவர்களுக்கு வேறு திட்டத்திற்கு மாறிக்கொள்ளும் வழி இல்லை. கருவிப்பட்டையில் படவுருக்கள் மறைந்துபோன மென்பொருளை அவர்கள் கைவிட வேண்டியதுதான்.

நடுச்சாம்பல் என்னும் குறுக்குவழி

இருபுறத்திற்கும் பொருந்தும் ஒரே நிறத்தைத் தேர்ந்தால் போதாதா என்ற கேள்வி பலருக்கும் எழுவதுண்டு. கேள்வி நியாயமானதே. மூன்று கூறுகளும் 119 ஆக உள்ள சாம்பல் நிறம், வெள்ளையின் மீது 4.5 விகிதமும் முழுக் கருப்பின் மீது 4.7 விகிதமும் தருகிறது. தாளில் பார்த்தால் சிக்கல் தீர்ந்துவிட்டது.

ஆயினும் நடைமுறையில் உள்ள கருநிறத் திட்டங்களுள் பல முழுக் கருப்பைப் பயன்படுத்துவதில்லை. மேற்கூறிய பிரீஸ் டார்க் பின்னணியில் இதே சாம்பலின் விகிதம் 2.7 மட்டுமே. பயனர் ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்ததும் பின்னணி 61, 174, 233 என்ற நீலமாக மாறினால், விகிதம் 1.8 ஆகிவிடுகிறது. ஒரு திட்டத்திற்குள்ளேயே பின்னணிகள் பல என்பதை நடுச்சாம்பல் வழி மறந்துவிடுகிறது. மேலும், எல்லா இடத்திலும் சற்றே மங்கலாகத் தெரியும் படவுரு, முடக்கப்பட்ட பொத்தானைப் போலவும் தோற்றமளிக்கும்.

நிறமுள்ள படவுருக்களில் நிலைமை இன்னும் கடினம். தூய மஞ்சள் கருப்பின் மீது 19.6 விகிதத்துடன் பளிச்சிடும். வெள்ளையின் மீது அதன் விகிதம் 1.07 தான். தூய நீலம் இதற்கு நேர்மாறானது: வெள்ளையின் மீது 8.6, கருப்பின் மீது 2.4. எச்சரிக்கைக்கு மஞ்சள், தகவலுக்கு நீலம் என்று வைத்துக்கொண்டால், எந்தத் திட்டத்திலும் இரண்டில் ஒன்று மறையும்.

முந்தைய வழிகள்

2005 இல் தொடங்கிய டேங்கோ பணிமேசைத் திட்டம் இச்சிக்கலை ஓவியரின் வழியில் அணுகியது. க்னோம், கேடிஇ போன்ற சூழல்களில் ஒன்றுபோல் தோன்றும் படவுருக்களை உருவாக்குவது அதன் நோக்கம். அதன் நடைவழிகாட்டி, பொருளின் நிறத்தைவிடக் கருமையான வெளிக்கோடு ஒன்றையும், அதற்கு உட்புறம் வெளிர்நிறக் கோடு ஒன்றையும் பரிந்துரைத்தது. வெண்பின்னணியில் வெளிக்கோடு உருவத்தைப் பிரித்துக் காட்டும். கரும்பின்னணியில் வெளிக்கோடு கரைந்தாலும் உட்கோடு அப்பணியைச் செய்யும். நிரலின் உதவி எதுவும் இல்லாமல், வரைந்த படமே எந்தப் பின்னணியிலும் நிற்கும் என்பது இதன் அழகு. ஆனால் இரு கோடுகளுக்கும் இடம் வேண்டும். 16 புள்ளி அகலமே உள்ள சிறு படவுருவில் அவையே பாதி இடத்தை அடைத்துக்கொள்ளும். ஃபிரீகேட் என்னும் கட்டற்ற பொறியியல் வரைவு மென்பொருள் டேங்கோ நிறத்தட்டையே தன் படவுருக்களுக்கு ஏற்றுக்கொண்டது.

மற்றொரு வழி, ஒவ்வொரு தோற்றத்திற்கும் தனித்தனிப் படவுருத் தொகுதியை வரைவது. க்னோம் 2 காலத்தில் உயர்முரண் திட்டத்திற்கு ஒன்றும், அதன் தலைகீழ் நிறத் திட்டத்திற்கு வேறொன்றும் இருந்தன. ஓப்பன்ஆபிஸ்.ஆர்க் தொகுப்பும் உயர்முரண் படவுருக்களைத் தனியே கொண்டிருந்தது. லிப்ரேஆபிஸில் பிரீஸ், சிஃப்ர் ஆகிய தொகுதிகளுக்குக் கருநிற இணைகள் உள்ளன. இவ்வழி எளிதாகத் தோன்றினும், தன்னார்வலர்களால் நடத்தப்படும் திட்டங்களில் நாளடைவில் தளர்ந்துவிடும் இயல்புடையது. புதிய கட்டளை ஒன்று சேர்க்கப்படும்போது அதற்கான படவுரு முதன்மைத் தொகுதியில் உடனே சேரும். இணைத் தொகுதியில் சேர, அதனைப் பயன்படுத்தும் ஒருவர் குறையைக் கண்டு சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். உயர்முரண் தொகுதியைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதால், காத்திருப்பும் நீளும்.

கிம்ப் கண்ட இடைநிலை

இரட்டைத் தொகுதி முறையின் சுமையை கிம்ப் வரைகலை மென்பொருளில் தெளிவாகக் காணலாம். 2018 ஏப்ரலில் வெளியான அதன் 2.10 பதிப்பு, டார்க், கிரே, லைட், சிஸ்டம் என நான்கு தோற்றத்திட்டங்களுடன் வந்தது, கருநிறமே இயல்பிருப்பு. படம் திருத்துவோருக்குச் சுற்றிலும் உள்ள நிறம் குறுக்கிடக்கூடாது என்பதால், நடுநிலைச் சாம்பலும் கருமையும் இத்துறையில் நெடுநாளாக விரும்பப்படுபவை. அதே பதிப்பில் படவுருக்களுக்கென்று கலர், லெகசி, சிம்பாலிக், சிம்பாலிக்-இன்வெர்ட்டட் என நான்கு தொகுதிகள் தரப்பட்டன.

ஒரே வடிவங்களை நிறம் திருப்பி இரண்டாவது தொகுதியாக ஏன் தர வேண்டும் என்று வியக்கலாம். கிம்ப் 2.10, ஜிடிகே 2 நூலகத்தின் மீது கட்டப்பட்டது. படவுருக்களுக்கு இயக்க நேரத்தில் நிறம் ஊட்டும் வசதி ஜிடிகே 3 இல் தான் வந்தது. எனவே தோற்றத்திட்டத்தை மாற்றிய பயனர், விருப்பத்தேர்வுகளின் மற்றொரு பக்கத்திற்குச் சென்று படவுருத் தொகுதியையும் பொருத்தமாக மாற்ற வேண்டியிருந்தது. இதை அறியாதவருக்குக் கருவிப்பெட்டி வெறுமையாகத் தோன்றும். ஜிடிகே 3 க்கு மாறிய கிம்ப் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தபின் இத்தேவை நீங்கியது.

க்னோம் முறை

2011 இல் க்னோம் 3 உடன் பரவிய முறை இது. பெயரின் இறுதியில் "-சிம்பாலிக்" என்ற ஒட்டுடைய எஸ்விஜி கோப்புகளை, ஜிடிகே நூலகம் குறியீட்டுப் படவுருக்களாகக் கருதுகிறது. இவை 16 க்கு 16 கட்டத்தில், ஒரே நிறத்தில் வரையப்படுகின்றன. கோப்பிலுள்ள நிறம் ஒரு பொருட்டன்று. ஜிடிகே 3 அக்கோப்பை மற்றொரு எஸ்விஜி ஆவணத்திற்குள் பொதிந்து, அதன் தலைப்பில் ஒரு சிறு நடைத்தாளை எழுதுகிறது. "எல்லாப் பாதைகளையும் செவ்வகங்களையும் இந்த நிறத்தால் நிரப்புக" என்பதே அந்நடைத்தாளின் சாரம். "இந்த நிறம்" என்பது, அவ்விடத்தில் எழுத்து இருந்தால் அதற்கு எந்த நிறம் கிடைத்திருக்குமோ அந்நிறம். பொத்தான் அழுத்தப்பட்டாலும், வரி தேர்ந்தெடுக்கப்பட்டாலும், சாளரம் பின்னுக்குச் சென்றாலும் படவுரு எழுத்தோடு சேர்ந்தே மாறுகிறது.

இதற்கு மேல் மூன்று விலக்குகள் உண்டு. வெற்றி, எச்சரிக்கை, பிழை என்னும் வகைப்பெயர்கள் இடப்பட்ட பகுதிகளுக்குத் தோற்றத்திட்டம் தனி நிறங்களைத் தருகிறது. தீரும் நிலையிலுள்ள மின்கலத்தின் படவுருவில் ஒரு பகுதி மட்டும் சிவப்பாகத் தெரிவது இவ்வாறுதான்.

இம்முறையில் புதிதாக வரைவோர் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஜிடிகே 3 இன் நடைத்தாள் நிரப்பு நிறத்தை மட்டுமே மாற்றுகிறது. கோட்டு நிறத்தை மாற்றுவதில்லை. இங்க்ஸ்கேப்பில் கோடாக வரைந்து அப்படியே சேமித்த படவுரு, வரைந்தவரின் திரையில் சரியாகவும், மற்றவர் திரையில் கோடு பழைய நிறத்திலேயே நிற்க, உட்பகுதி நிரம்பிய கட்டியாகவும் தோன்றக்கூடும். கோடுகளை நிரப்பு வடிவங்களாக மாற்றிய பின்னரே சேமிக்க வேண்டும் என்பது இதனால் எழுந்த நடைமுறை.

ஒவ்வொரு நிறத்திற்கும் எஸ்விஜி கோப்பை மீண்டும் வரைவது நேரம் பிடிக்கும் வேலை. அதனால் குறியீட்டுப் படவுருக்களைச் சிறப்பாகக் குறியிட்ட பிஎன்ஜி கோப்புகளாக முன்கூட்டியே மாற்றும் கருவி ஒன்றும் ஜிடிகேயுடன் தரப்படுகிறது. இக்கோப்பின் சிவப்பு, பச்சை, நீல அலைத்தடங்கள் நிறங்களைச் சுட்டுவதில்லை. எப்பகுதி வெற்றி, எப்பகுதி எச்சரிக்கை, எப்பகுதி பிழை என்பதையே சுட்டுகின்றன. படங்காட்டி ஒன்றில் திறந்து பார்ப்பவருக்கு இது கெட்டுப்போன கோப்பாகத் தோன்றினால் வியப்பில்லை.

கேடிஇ முறை

கேடிஇயின் பிளாஸ்மா 5 உடன் 2014 இல் அறிமுகமான பிரீஸ் படவுருக்கள் வேறு உடன்படிக்கையைப் பின்பற்றுகின்றன. இங்கு நடைத்தாள் படவுருக் கோப்பின் உள்ளேயே இருக்கிறது. அதற்கென்று வரையறுக்கப்பட்ட ஓர் அடையாளப் பெயரும் உண்டு. எழுத்து, பின்னணி, தேர்வு, நேர்நிலை, நடுநிலை, எதிர்நிலை முதலிய வகைப்பெயர்கள் அதில் வரையறுக்கப்பட்டிருக்கும். வடிவங்கள் தம் நிறத்தை "கரண்ட்கலர்", அதாவது "நடப்பு நிறம்", என்று மட்டும் குறிப்பிடும். கேடிஇயின் படவுரு ஏற்றி, கோப்பைப் படிக்கும்போது அந்நடைத்தாளை எடுத்துவிட்டுப் பயனரின் நிறத்திட்டத்தைக் கொண்டு எழுதிய புதிய நடைத்தாளை அவ்விடத்தில் வைக்கிறது.

க்னோம் முறையில் படம் எதைச் சொன்னாலும் நூலகம் தன் நிறத்தைத் திணிக்கிறது. கேடிஇ முறையில் படம் கேட்ட இடத்தில் மட்டுமே நிறம் மாறுகிறது. எனவே ஒரே படவுருவில் மாறும் பகுதியும் மாறாப் பகுதியும் கலந்திருக்கலாம், கோடுகளும் தடையில்லை. இந்தச் சுதந்திரத்திற்கு விலையும் உண்டு. திருத்துபவர் வரைகலை மென்பொருளில் நிறத்தட்டிலிருந்து ஒரு நிறத்தைச் சொடுக்கினாலே, "நடப்பு நிறம்" என்ற சொல் அழிந்து ஓர் எண் அவ்விடத்தில் அமர்ந்துவிடும். வெண்ணிறத் திட்டத்தில் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. கருநிறத் திட்டத்தில் மட்டும் மறையும் படவுருக்கள் பலவற்றின் பின்னே உள்ள கதை இதுதான்.

"நடப்பு நிறம்" என்ற சொல் கேடிஇயின் கண்டுபிடிப்பன்று. எஸ்விஜி தரத்திலேயே உள்ளது. வலைப்பக்கங்களிலும் இது பெரிதும் பயன்படுகிறது. ஆனால் பக்கத்தின் மூலத்திலேயே எஸ்விஜியை எழுதினால் தான் சுற்றியுள்ள எழுத்தின் நிறத்தை அது பெறும். தனிக் கோப்பாகப் பட ஒட்டு வழியே அழைத்தால், அது வேறு ஆவணமாகிவிடுவதால் பக்கத்தின் நிறம் அதனை எட்டாது. கோப்பில் வேறு நிறம் சொல்லப்படாவிட்டால் கருப்பே மிஞ்சும். பயர்பாக்ஸ் உலாவி தன் சொந்த இடைமுகத்திற்கு இத்தடையைத் தாண்ட, "சூழல் நிரப்பு" என்று பொருள்படும் தனிச் சொல்லை வகுத்துக்கொண்டது.

வெளிர், கரு என்னும் சொற்குழப்பம்

நீட்சிகள் எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு கோப்புகளைத் தரும்படி கேட்கப்படுகின்றனர்: ஒன்று "லைட்", மற்றது "டார்க்". இச்சொற்கள் எதைக் குறிக்கின்றன என்பதில் மென்பொருட்கள் உடன்படவில்லை. விஷுவல் ஸ்டுடியோ கோட் தொகுப்பியில் "டார்க்" என்பது கருநிறத் திட்டத்தில் காட்டப்படும் படவுரு. பயர்பாக்ஸ் நீட்சிகளில் "டார்க்" என்பது, திட்டத்தின் எழுத்து கருமையாக இருக்கும்போது காட்டப்படும் படவுரு. அதாவது வெளிர்நிறத் திட்டத்திற்கு உரியது. ஒன்றிற்கு எழுதியதை மற்றொன்றிற்குப் படியெடுத்தால், இரண்டு திட்டங்களிலும் படவுரு மறையும். நிறத்தை நேராகச் சொல்லாமல் பணியால் சொல்லும் முறையில் இக்குழப்பம் எழவே வழியில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பலகையும் அறிவிப்புப் பகுதியும்

ஒரு கணினியில் எல்லா இடமும் ஒரே பின்னணி உடையதாக இருப்பதில்லை. 2010 ஏப்ரலில் வெளியான உபுண்டு 10.04 இன் ஆம்பியன்ஸ் திட்டத்தில் மேற்பலகை கருமையாகவும் சாளரங்களின் உட்பகுதி வெளிராகவும் இருந்தன. பலகைக்கென்று ஒற்றை நிறப் படவுருக்கள், கரும்பலகைக்கு ஒன்றும் வெளிர்பலகைக்கு ஒன்றுமாக, உபுண்டு-மோனோ என்ற பெயரில் தரப்பட்டன. வெளியார் எழுதிய நிரல்கள் இவற்றை அறியா. தம் சாளரம் வெளிர்நிறம் என்பதைக் கண்டு கருநிறப் படவுருவைப் பலகைக்கு அனுப்பின; அது அங்கே கரைந்துபோனது.

அறிவிப்புப் பகுதிக்கு இன்று பரவலாக உள்ள நெறிமுறையில், நிரல் தன் படவுருவின் பெயரை அனுப்பலாம். அல்லது படத்தின் புள்ளிகளையே அனுப்பலாம். பெயரைப் பெற்ற பலகை, தன் பின்னணிக்கு ஏற்ற வடிவத்தைத் தானே தேடி நிறமூட்டும். புள்ளிகளைப் பெற்ற பலகையால் அவ்வாறு செய்ய இயலாது. எந்தப் புள்ளி கோடு, எந்தப் புள்ளி அலங்காரம் என்பது அதற்குத் தெரியாது. பல இயங்குதளங்களுக்கு ஒரே நிரலை எழுதுவோர் இரண்டாவது வழியையே எளிதெனக் கொள்வதால், அறிவிப்புப் பகுதி இன்றும் இச்சிக்கலின் கடைசிப் புகலிடமாக உள்ளது.

ஒற்றை நிறம் குறித்த எதிர்ப்பு

தகவமையும் படவுருக்கள் பெரும்பாலும் ஒற்றை நிறத்தவை. இதனைப் பயனர்கள் பலர் விரும்புவதில்லை. அவர்கள் கூறும் காரணத்திலும் உண்மை உண்டு. நிறத்தைக் கொண்டு ஒரு பொருளைத் தேடுவது வடிவத்தைக் கொண்டு தேடுவதைவிட விரைவானது. நூறு கருவிகளைக் கொண்ட மென்பொருளில் எல்லாப் படவுருக்களும் சாம்பலாக நின்றால், ஒவ்வொன்றையும் நின்று படிக்க வேண்டியிருக்கும். கிம்ப் தன் நிறப் படவுருத் தொகுதியை விருப்பத்தேர்வாக வைத்திருந்ததும் இதனாலேயே பயனுள்ளதாயிற்று.

2020 மே மாதம் வெளியான இங்க்ஸ்கேப் 1.0, முடிவைப் பயனரிடமே விட்டது. குறியீட்டுப் படவுருக்களைப் பயன்படுத்துவதா என்பதையும், அவற்றின் அடிப்படை நிறத்தையும், வெற்றி, எச்சரிக்கை, பிழை ஆகிய மூன்றிற்கான நிறங்களையும் அவரே தேர்ந்துகொள்ளலாம். 2019 ஜூலையில் வெளியான பிளெண்டர் 2.80 இன்னும் ஒரு படி சென்றது. அதன் புதிய படவுருக்கள் ஒற்றை நிறத்தவை எனினும், காட்சி, தொகுப்பு, பொருள், பொருட்தரவு, மாற்றி, நிழலூட்டம் என ஒவ்வொரு வகைக்கும் தோற்றத்திட்டத்தில் தனி நிறம் ஒதுக்கப்பட்டுள்ளது. நிறத்தால் தேடும் வசதி மீண்டும் கிடைக்கிறது. எந்த நிறம் என்பதைப் பின்னணியை அறிந்த திட்ட வடிவமைப்பாளரே முடிவு செய்கிறார். இதுவரை வந்த வழிகளுள் இரு தேவைகளையும் ஒருங்கே நிறைவு செய்வது இதுவே எனலாம்.

நிறம் பணியால் குறிக்கப்பட்டாலும் அது மட்டுமே பொருளைச் சுமக்கக்கூடாது. ஐரோப்பிய வழியினரான ஆண்களுள் ஏறத்தாழ 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் குறை உண்டு. வெற்றிக்குப் பச்சை வட்டம், பிழைக்குச் சிவப்பு வட்டம் என்று அமைத்தால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றே. சரிக்குறியும் பெருக்கற்குறியும் இட்டால் நிறமே இல்லாத திரையிலும் பொருள் விளங்கும்.

நிறமூட்டலுக்கு உட்படுத்தக் கூடாதவையும் உள்ளன. மென்பொருளின் சின்னம், நிறுவன இலச்சினை, நாட்டுக் கொடி ஆகியவற்றிற்கு நிறமே அடையாளம். இவற்றிற்குத் திட்டத்தின் எழுத்து நிறத்தைப் பூசினால் கொடி வெறும் செவ்வகமாகும். இவ்வகைப் படங்களைக் கரும்பின்னணியில் வைக்க நேரும்போது, பின்புறம் ஒரு வெளிர்த் தட்டை இடுவது வழக்கம்.

முடக்கப்பட்ட பொத்தான்களும் ஒரு தனி வகை. நிறப்படவுருக்களின் காலத்தில், முடக்கப்பட்டதைக் காட்ட அதன் நிறத்தை உறிஞ்சிச் சாம்பலாக்கினர். ஏற்கனவே சாம்பலாக உள்ள படவுருவில் உறிஞ்ச எதுவும் இல்லை. இயங்கும் பொத்தானும் முடங்கிய பொத்தானும் ஒன்றுபோல் தோன்றும். ஆகவே ஒற்றை நிறப் படவுருக்களில் ஒளிபுகுதன்மையைக் கூட்டி மங்கச் செய்கின்றனர். அணுகுதிறன் வழிகாட்டியின் 3 என்ற எல்லை, முடக்கப்பட்ட உறுப்புகளுக்குப் பொருந்தாது.